நான் அழுதாலும் கேட்க வேண்டாம்

எனக்கு அவ்வப்போது கோட்டி பிடிக்கும். மனம் பேதலிப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர்கள் அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டால் வெளிநாட்டுக் கப்பலின் பெயர் மாதிரி இருக்கும். கோட்டி என்றால் சட்டென்று புரிகிறது. எனக்கும் வாய்க்கு வசதியாக இருக்கிறது.

வருடக்கணக்கில் ஒன்றும் இருக்காது. ஆபீசுக்குப் போவேன், பூசைக்குப் போவேன், பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போடுவேன், எல்லாம் முறைப்படி நடக்கும். பிறகு ஒருநாள் தூக்கம் குறையும். தூக்கம் குறைந்தால் மனுஷிக்கு அசதி வர வேண்டும், இல்லையா? எனக்குத் தெம்பு வரும். வாய் நிற்காது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் நல்லது செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று தோன்றும். ஒருமுறை துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் பிலிப்பைன்ஸ் மாலுமிகளை எல்லாம் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன். அந்தப் பாவங்களும் வந்துவிட்டார்கள். என் மாமியார் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "சேசுவே, ஒரு கப்பலையே கூட்டிட்டு வந்துட்டாளே" என்றார். ஆனாலும் உலை வைத்தார். வந்தவர்கள் மீன் குழம்பை ரசித்துச் சாப்பிட்டு, மாமியாரை நடுவில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. என் அண்ணன் மகன் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய நாள். புது நன்மை என்போம். எங்கள் ஆட்கள் அதற்குக் கல்யாணம் மாதிரி விருந்து வைப்பார்கள். நான் மேடையேறி மைக்கைப் பிடித்து, வந்திருந்த எல்லாரையும் அடுத்த வாரம் கப்பலில் கொழும்புக்குக் கூட்டிப் போவதாக அறிவித்தேன். அதோடு விட்டேனா? யாருக்கு எந்தக் கேபின் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்கவும் தொடங்கிவிட்டேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. என் அண்ணன்மார் இருவரும் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை இறக்கினார்கள். இறங்கும்போது என் மகள் கண்ணில் பட்டாள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கோட்டி தெளிந்த பிறகு எத்தனையோ மறந்துபோகும். பிள்ளை அப்படி நின்றது மட்டும் மறக்கவே இல்லை. நான் பெற்ற பிள்ளைக்கு என்னாலேயே தலைகுனிவா என்று நெஞ்சு வெந்தது. வேறு எதற்கும் நான் அவ்வளவு அழுததில்லை.

அந்த முறை தெளிந்து மருந்து வாங்கப் போயிருந்தபோதுதான் எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா மனநலச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சிறியவர், எதையும் நிதானமாகச் சொல்வார். "நீங்க தெளிவா இருக்கும்போதே எழுதி வெச்சுக்கலாங்க. மறுபடி நோய் வந்தா எப்படிப் பாக்கணும், எப்படிப் பாக்கக் கூடாதுன்னு. உங்களுக்காகப் பேச ஒரு ஆளையும் நீங்களே போட்டுக்கலாம்."

"எழுதி வச்சா நீங்க கேப்பியளா?" என்றேன்.

"கேக்கணும். முடியாதுன்னு எனக்குத் தோணுனா, அதுக்குன்னு இருக்கற போர்டுக்குக் காரணம் எழுதி, அவங்க கிட்ட அனுமதி வாங்கணும். உயிருக்கு ஆபத்துங்கற மாதிரி அவசரம்னா மட்டும் அது என்னைக் கட்டாது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரை கோட்டி பிடித்தவள் சொன்னதை யாரும் கேட்டதில்லை, தெளிந்தவள் சொன்னதையும் யாரும் கேட்டதில்லை. இப்போது நான் எழுதிக் கொடுத்தால் டாக்டரே கட்டுப்பட வேண்டுமாம்! விடுவேனா? அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலில் வரும் சரக்கையும் போகும் சரக்கையும் சுங்கத்தில் காட்டி விடுவித்துக் கொடுக்கும் ஓர் ஆபீசில் காகிதங்கள் தயாரிப்பவள் நான். எங்கள் காகிதம் ஒவ்வொன்றிலும் அனுப்புகிறவர் யார், சரக்கு என்ன, டெலிவரி எடுக்க வேண்டியவர் யார் என்று இருந்தே ஆக வேண்டும். கடைசிப் பெயர் இல்லாவிட்டால் சரக்கு கேட்பாரற்று யார்டிலேயே கிடக்கும். இத்தனை வருடம் அதையே அடித்து அடித்து என் விரலுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. பத்திரத்தை முடித்து எங்கள் முதலாளி அண்ணாச்சியிடம் சாட்சிக் கையெழுத்துக்காக நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஏம்மா, இது ஆஸ்பத்திரிக்கு எழுதினதா, இல்ல ஒன்னையக் கன்டெய்னர்ல ஏத்தி அனுப்புததுக்கு எழுதினதா?"

பார்த்தால், மேலே அனுப்புகிறவர் என்று என் பெயரும், சரக்கு விவரம் என்று மறுபடி என் பெயரும் இருந்தன. அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதையெல்லாம் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், 'டெலிவரி எடுக்க வேண்டியவர்: என் கணவர்' என்று ஒரு வரி இருந்ததே, அதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. அது இல்லாத காகிதம் எனக்குக் காகிதமாகவே தோன்றவில்லை. சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னைத் தூக்கிப் படுக்கவைத்த ஓர் ஊசி உண்டு. முன்பு ஒருமுறை அதைப் போட்டு என் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதைப் போடக் கூடாது என்று எழுதினேன். எனக்காகப் பேசும் ஆள் யார் என்ற இடம் வந்ததும்தான் யோசித்தேன். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எத்தனை டன் பாரத்தையும் அலுங்காமல் தூக்கி வைப்பார். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் ஆள் காலி. அண்ணன்மாரோ கையைப் பிடித்து இழுக்கத்தான் லாயக்கு. மிச்சம் இருந்தது மாமியார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையையும் அவர் நம்பியதில்லை. கோட்டி பிடித்த நேரத்தில் எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேண்டும்.

"மாமி, எனக்குக் கோட்டி பிடிச்சா எனக்காகப் பேச ஒங்க பேரப் போடுதேன்" என்றேன்.

"ஏளா, நல்லா இருக்கும்போதே நீ என் பேச்சக் கேக்கமாட்ட. அப்பவா கேக்கப்போற?"

"நான் கேக்கமாட்டேன் மாமி. டாக்டர் கேப்பாவ."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மருமகளை அதிகாரம் பண்ணச் சட்டமே வழிவிட்டால் எந்த மாமியாருக்குத்தான் கசக்கும்? உடனே கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக ஒரு வரி எழுதினேன். பத்திரம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 'வீட்டில் என்ன நல்ல காரியம் நடந்தாலும், நான் முழுதாகத் தெளியும்வரை என்னைச் சபையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். நான் அழுதாலும் கேட்க வேண்டாம், கெஞ்சினாலும் கேட்க வேண்டாம்.' நான் நல்ல புத்தியோடுதான் இதை எழுதுகிறேன் என்று டாக்டரம்மாவும் எழுதிக் கையெழுத்திட்டார். எங்கள் தெருவிலேயே புத்தி சரியாக இருக்கிறது என்று டாக்டர் சான்று கொடுத்த ஒரே ஆள் நான்தான். இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பத்திரம் அலமாரியில் உறங்கியது. நானும் நன்றாக உறங்கினேன். மகள் படித்து முடித்து வேலைக்குப் போனாள். போன வருடம் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை கப்பலில் என்ஜினியர், நான் பிறந்த ஊரான மணப்பாட்டுப் பையன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தவக்காலம் முடிவதற்குள் மாப்பிள்ளை கப்பலேற வேண்டும். ஏறினால் மாதக்கணக்கில் கடல்தான். ஆகவே தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரத்தில் நாள் குறித்தோம். தள்ளிப்போட வழியே இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊருக்கு அறிவிப்பது. இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் எனக்குத் தூக்கம் குறைந்தது. பெண்ணைப் பெற்றவள் கல்யாண நேரத்தில் தூங்காமல் அலைவது உலக வழக்கம்தானே! யாரும் கண்டுகொள்ளவில்லை. "என்ன சுறுசுறுப்பு, என்ன சுறுசுறுப்பு" என்று அண்ணிமார் மெச்சினார்கள். துறைமுகத்தில் நின்ற அத்தனை கப்பலுக்கும் நான் பத்திரிகை அனுப்பியது அவர்களுக்குத் தெரியாது.

கண்டுபிடித்தது மாமியார். ஒரு சாயங்காலம் ஊளி மீன் குழம்பு வைத்திருந்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமி, ஒங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சொல்லியிருக்கிறேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாராம். மறுநாள் விடிந்ததும் அலமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கெளம்புளா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எனக்கு என்ன மாமி? நான் நல்லாத்தான இருக்கேன்!"

"நல்லா இருந்தா நீ என் கொழம்பப் புகழ மாட்ட."

ஆட்டோவில் உப்பளத்து வழியே போகும்போது அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. இன்னும் ஓர் ஓலை வாசிக்க வேண்டும், பெண்ணின் தாய் இல்லாமல் எப்படி என்று கத்தினேன். அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர்தான் பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் என் ஆட்டத்தைப் பார்த்துப் பணியிலிருந்த சின்ன டாக்டர் அந்தப் பழைய ஊசியைத்தான் எடுத்தார். மாமியார் குறுக்கே நின்று பத்திரத்தை நீட்டினார். அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். "இது அவசரம். இந்தப் பேப்பர் இப்ப என் கையைக் கட்டாது. கட்டலைங்கறதுக்காக நான் இதைத் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லையே" என்று சொல்லி, வேறு மருந்து கொடுத்தார். என் கழுத்து நேராகவே இருந்தது. அப்போது எனக்கு அந்த நன்றியெல்லாம் இல்லை. கண்ட வார்த்தையும் சொன்னேன். மூன்றாம் ஓலை நான் இல்லாமலே வாசிக்கப்பட்டது.

மருந்து கேட்கத் தொடங்கியது. புயல் கரை கடந்துவிட்டது, காற்று மட்டும் மிச்சம். தூக்கம் வந்தது. பேச்சு கொஞ்சம் அடங்கியது. ஆனால் நாளை கல்யாணம் என்கிற நாள் வந்துவிட்டது, நான் இன்னும் வார்டில் இருந்தேன். நானே எழுதிய வரி என்னைக் கட்டிப்போட்டிருந்தது. நினைத்து நினைத்து அழுதேன். கோட்டியால் வந்த அழுகையா, தாய் என்பதால் வந்த அழுகையா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அன்று பிற்பகல் என்னைப் பார்க்க மூவரும் வந்தார்கள்: கணவர், மாமியார், மருதாணிக் கையோடு மகள். டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்தோம். பத்திரம் மேசைமேல் இருந்தது. நான் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தேன்.

"டாக்டரம்மா, அந்தப் பத்திரத்த நான் ரத்து பண்ணுதேன்."

"தெளிவா இருந்தா தாராளமா ரத்து பண்ணலாங்க. இப்பத் தெளிவா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்படின்னா நேத்து வார்டுல இருக்கற எல்லாருக்கும் ஏன் கல்யாணப் பத்திரிகை எழுதிக் குடுத்தீங்க?"

"ஒரே எடத்துல படுத்துக் கெடக்கோம். முறைக்குக் கூப்பிட வேண்டாமா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ரத்து நடக்காது என்று ஆனதும் அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். "டெலிவரி எடுக்க வேண்டியவர்னு யாரு பேரு போட்டிருக்கு? என் வீட்டுக்காரரு. எங்க தொழில்ல அந்தப் பேரு இருக்கவர் வந்து கேட்டா, சரக்கக் குடுத்தே ஆகணும். இந்தா வந்து நிக்காரு. ஏங்க, கேளுங்க!"

என் கணவர் ஏற்கெனவே கண் கலங்கித்தான் உட்கார்ந்திருந்தார். "எழுதியிருக்குல்லா டாக்டர்... நான் எடுத்துட்டுப் போயிருதேன்" என்றார். சரக்குதான் போல நான்!

மாமியாருக்கு வந்ததே கோபம். "ஏலே, சும்மா கெட. எடுத்துட்டுப் போறானாம்! டாக்டரம்மா, நல்லா இருக்கும்போது இதுல கையெழுத்துப் போட்டவ ஒருத்தி. இங்கன ஒக்காந்து அழுவுதவ ஒருத்தி. நான் வாக்குக் குடுத்தது கையெழுத்துப் போட்டவளுக்கு. அவ அழுதாலும் கேக்க வேண்டாம்னு எழுதியிருக்கா. நான் கேக்க மாட்டேன்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. பேத்தியின் கல்யாணத்துக்கு மருமகள் வராமல் போவது அவருக்கு மட்டும் சந்தோஷமா என்ன? ஆனாலும் விடவில்லை. நான் தேடிப் பிடித்த ஆள் அல்லவா.

டாக்டரம்மா இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது ரெண்டு பேர் கையில உங்களைக் குடுக்குது. ஒருத்தர் வெச்சுக்கோங்கறார், ஒருத்தர் குடுங்கறார். சில மணி நேரம் லீவ் குடுத்து அனுப்ப எனக்கு அதிகாரம் இருக்கு. உடம்பப் பொறுத்தவரைக்கும் நாளைக்குக் காலைல நீங்க போய்ட்டு வரலாம், அதுல எனக்குப் பயம் இல்ல. ஆனா நீங்களே வேண்டாம்னு எழுதின ஒண்ண, முடியும்ங்கறதுக்காக நான் செய்யக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்த வரிய எதுக்காக எழுதினீங்க? உங்க உடம்புக்காகவா?"

"இல்ல."

"பின்ன யாருக்காக?"

மகள் பக்கம் கையைக் காட்டினேன். "அவளுக்காக. என் பிள்ள நாலு பேரு முன்னால இன்னொரு வாட்டி தல குனியக் கூடாது."

"அப்படின்னா கேக்க வேண்டியது அவங்களத்தான்" என்று டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார்.

மகள் பத்திரத்தைக் கையில் எடுத்து அந்த வரியை வாசித்தாள். அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இத எழுதும்போது என்ட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"ஒன்ட்ட என்னத்தக் கேக்க? நான்தான் பாத்தேனே. நீ அன்னைக்குத் தலயக் குனிஞ்சிட்டு நின்னியே."

"வெக்கப்பட்டு நின்னேன்னு நெனச்சியா? ஒன்னைய ரெண்டு மாமாவும் பிடிச்சி இழுத்துட்டுப் போறாவ. செருப்பு ஒண்ணு கழண்டு கெடக்கு. சுத்தி இருக்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு அதப் பாக்க முடியல, அதுக்குத்தான் குனிஞ்சேன். ஒன்னால ஒரு நாளும் எனக்கு வெக்கம் வரலம்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கு என்ன ரெண்டு அம்மாவா இருக்கு? நல்லா இருக்கும்போது ஒண்ணு, கோட்டி பிடிச்சா வேற ஒண்ணுன்னு? இருக்கது ஒண்ணுதான். அது வந்து முன்னால ஒக்காரட்டும். என்ன வேணாலும் பேசட்டும்."

அறையில் நான்கு பேர் அழுதோம். டாக்டரம்மா மட்டும் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். முதலில் கண்ணைத் துடைத்தது மாமியார்.

"கல்யாணப் பொண்ணே சொல்லிட்டா. இனி நான் என்ன சொல்ல? ஆனா ஒண்ணு டாக்டரம்மா. கோவிலுக்கு மட்டும்தான். விருந்துக்குக் கெடையாது. நான் பக்கத்துலயே இருப்பேன். பூச முடிஞ்சதும் நானே கொண்டாந்து விட்டுருவேன்."

டாக்டரம்மா நினைத்திருந்ததும் அதுதானாம். லீவ் எழுதிக் கொடுத்தார். காலை மருந்தைத் தன் கண்முன் விழுங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றார். என் கணவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். டெலிவரி அம்மா பேருக்கு மாறிவிட்டதே என்று.

அதற்கப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிட்டுக் கோவிலுக்கு வருகிறேன். தவக்காலம் முடிவதற்குள் நன்றாகத் தெளிந்து வீட்டுக்கு வந்தேன். பத்திரத்தைத் திருத்தி எழுதினேன். அந்த டெலிவரி வரியை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி, "இப்பத்தாம்மா இது மனுசங்க எழுதின காயிதம் மாதிரி இருக்கு" என்று மறுபடியும் கையெழுத்துப் போட்டார். ஊசி வேண்டாம் என்பது அப்படியே இருக்கிறது. மாமியார் அப்படியே இருக்கிறார். சபையில் நிறுத்தக் கூடாது என்ற வரியை அடித்துவிட்டு, அந்த நல்ல காரியம் யாருடையதோ அவரைக் கேட்டு டாக்டர் முடிவு செய்யட்டும் என்று எழுதினேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே நானே கட்டிவைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கொஞ்சத்தை மற்றவர்கள் கையில் விட்டுவைப்பது எனக்கு இப்போது பயமாக இல்லை.

கல்யாணத்தன்று காலை மருந்தை விழுங்கிவிட்டு, பட்டுச்சேலை உடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்தே கோவிலுக்குப் போனேன். வார்டுப் பெண்கள் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கோவிலுக்குள் நுழைந்ததும் தலைகள் திரும்பின. எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒளிவுமறைவாகப் பார்க்கத் தெரியாது. அண்ணிமார் ஆளுக்கொரு மாதிரி சிரித்தார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் பிடித்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வளையல் தடம் விழுந்தது. மருந்தில் எனக்கு நாக்கு வறண்டிருந்தது. உள்ளே மட்டும் கடல் மாதிரி சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. பேசாதே, பேசாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வாசகம் முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. நான் வாயே திறக்கவில்லை. மாமியார் கூடப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். மகளும் மாப்பிள்ளையும் பீடத்துக்கு முன்னால் எழுந்து நின்றார்கள். சாமியார் அவர்களைப் பார்த்து, யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனதோடு நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

அவர் என்னைக் கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி நேராக என் நெஞ்சில் வந்து விழுந்தது. நான் எழுந்து நின்றிருந்தேன்.

"வந்திருக்கேன், சாமி!"

கோவில் முழுக்கக் கேட்டிருக்கும். சாமியார் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தார். மாமியார், "ஒக்காருளா, ஒக்காரு" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தார். பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். செய்துவிட்டேன். எது நடக்கக் கூடாது என்று அத்தனை வருடம் பயந்தேனோ அதையே, அதுவும் இவள் கல்யாணத்தில், செய்துவிட்டேன். உட்கார்ந்து தரையைப் பார்த்தேன்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மகளின் சிரிப்பு. நிமிர்ந்தேன். பீடத்துக்கு முன்னால் நிற்கும் கல்யாணப் பெண் பின்னால் திரும்பக் கூடாது என்பார்கள். அவள் முழுசாகத் திரும்பி, தலைமுக்காட்டை ஒரு கையால் தள்ளிவிட்டு, அத்தனை பெஞ்சுகளுக்கும் மேலாக என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சாமியார் பக்கம் திரும்பினாள்.

"எங்க அம்மா, சாமி" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "அம்மாவும் வந்திருக்காங்க, நாங்களும் வந்திருக்கோம்."